அம்பு காட்டிய பக்கம்

பேக்கரிக்காரரின் வலது கன்னம் அவர் கடை பன்னைவிடப் பெரிதாக வீங்கியிருந்தது. ஒரு கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு, மறுகையால் அவர் கல்யாணத்துக்கு இருக்கும் பெண்களின் போட்டோ ஆல்பம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

கம்பவுண்டர் இதைப் பார்த்தது தற்செயலாகத்தான். மாடியில் வலது பக்கம் பல் டாக்டரின் கிளினிக், இடது பக்கம் திருமணத் தகவல் நிலையம். நடுவில் மாடிப்படி வந்து முடிகிற ஒரு சின்ன இடம். துணியை உதற வெளியே வந்தவர், எதிர்க்கதவு திறந்திருக்கவே சும்மா எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேக்கரிக்காரருக்குக் கல்யாணமாகி, மூத்த பெண் காலேஜுக்குப் போகிறாள்.

"அண்ணே! இங்க என்ன பண்றீங்க?"

"நீங்களாவது வந்தீங்களே!" பேக்கரிக்காரரின் கண்ணில் தண்ணீர் முட்டியது. பேச்சு வீக்கத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. "பல்லைப் பிடுங்கிக்கலாம்னு வந்தேன். அந்தம்மா உட்காருங்கன்னாங்க. இதைக் கையில குடுத்து, நிதானமா பாருங்க, ஒண்ணும் அவசரம் இல்லைன்னாங்க. எனக்கு அவசரம் இருக்கே!"

"வெளிய போர்டு இருக்குல்ல? அம்பு போட்டிருக்குல்ல?"

"அம்பு காட்டின பக்கம்தானேய்யா வந்தேன்!"

கம்பவுண்டர் வெளியே வந்து, போர்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். மேல் வரியில் 'பல் மருத்துவம்', அதற்கு எதிரே வலது பக்கம் காட்டும் அம்பு. கீழ் வரி பக்கத்து நிலையத்துடையது, அதற்கும் ஓர் அம்பு. மாடிக்கு ஒரு போர்டுதான், கதவில் தனியாக எதுவும் மாட்டக் கூடாது என்று கட்டடச் சொந்தக்காரர் கறாராகச் சொல்லிவிட்டதால், இரண்டு பேருக்குமாகச் சேர்த்து கம்பவுண்டரே தன் கையால் எழுதிய போர்டு அது. எழுதினபடியே இருந்தது. எழுதின அம்பு எங்கே ஓடிப்போகும்?

"வலியில தலை சுத்தியிருக்கும்ணே. வாங்க," என்று தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

கம்பவுண்டர் என்றால் மருந்து கலக்குகிறவர் என்று அர்த்தம். இவர் எதையும் கலக்கியது கிடையாது. டாக்டர் கேட்பதற்கு முன்னாலேயே சரியான கருவியை எடுத்து நீட்டுவார், பஞ்சு வைப்பார், பயப்படுகிறவர்களின் கையைப் பிடித்துக்கொள்வார். யாரோ எப்போதோ கூப்பிட்ட பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. வருகிறவர்களிடம் அவர் பெயரைத் தவிர வேறெதுவும் கேட்கமாட்டார். என்ன தொந்தரவு என்று விசாரிப்பது டாக்டரின் வேலை, அதில் மூக்கை நுழைப்பது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி.

டாக்டரும் விசாரிக்கமாட்டார் என்பது வேறு விஷயம். நாற்காலியில் ஆள் சாய்ந்த உடனே அவர் சொல்லும் முதல் வார்த்தை, "வாயைத் திறங்க." சின்னக் கண்ணாடி உள்ளே போய்விட்ட பிறகு, யார் என்ன பேசிவிட முடியும்? "ஆளைக் கேட்டா ஊர்க்கதை எல்லாம் வரும் கம்பவுண்டர். பல்லைப் பார்த்தா விஷயம் மட்டும் வரும்," என்பார்.

பேக்கரிக்காரரின் பல் ஒரே இழுப்பில் வந்தது. அவர் போன பிறகும் டாக்டர் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், தொலைந்துபோன சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி.

"எவ்வளவு அழகான சொத்தை பாருங்க. இதைப் பார்த்து எத்தனை நாளாச்சு!"

"ஆளுங்க வந்துக்கிட்டுத்தானே இருக்காங்க டாக்டர்?"

வந்துகொண்டுதான் இருந்தார்கள். அதில் கம்பவுண்டருக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. கொஞ்ச நாளைக்கு முன்னால் கிளினிக்கைச் சீர்படுத்துகிறேன் என்று கிளம்பி, பற்பசை காலண்டரில் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் படத்தை வெட்டி, கீழே 'வலி வருமுன் வாருங்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, காத்திருக்கும் அறையில் ஒட்டினார். அதே சூட்டோடு, மாடிப்படி முடியும் இடத்தில் போர்டின் ஓரமாகச் சுவர் பெயர்ந்திருக்கிறதே என்று அதற்கு முன்னால் ஒரு குட்டி மேஜையைப் போட்டு, பேக்கரிக்காரர் கொடுத்த உயரமான உருண்டை பிஸ்கட் ஜாடியில் தண்ணீர் ஊற்றி, ஒரு கொடித் தண்டைச் செருகி வைத்தார். இடமே களை கட்டிவிட்டது.

அதற்கப்புறம்தான் அந்தப் புதுக் கூட்டம் வர ஆரம்பித்தது. என்ன ஒரு கூட்டம்! துவைத்து இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. வலியில்லை, முனகலில்லை. அதில் ஒருவர் வந்தால் அவர் பூசிய சென்ட் படியேறி முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். சென்ட்காரர் என்று கம்பவுண்டர் மனசுக்குள் பெயர் வைத்துவிட்டார். சுவரில் சிரிக்கும் பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்ப்பார், வெட்கத்தோடு குனிந்துகொள்வார். டாக்டர் பார்த்து முடித்ததும், "ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்று ஆவலாகக் கேட்பார். "முதல் தரம் சார்! எதுக்கும் அடுத்த வாரம் வந்துட்டுப் போங்க," என்பார் கம்பவுண்டர். கேட்ட பீஸைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாகப் போவார், சொன்னபடி அடுத்த வாரம் வருவார்.

இன்னொரு பெரியவர் தன் மகனோடு வந்தார். "பையனுக்கு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாதுங்க. வெத்தலை பாக்குகூடப் போடமாட்டான்," என்று கேட்காமலேயே சொன்னார். பல்லில் கறை படியாததற்குக் காரணம் இதுதான் என்று கம்பவுண்டர் புரிந்துகொண்டார். வலி வருமுன் வந்த குடும்பம். இப்படி நாலு குடும்பம் இருந்தால் நாடு உருப்பட்டுவிடும்.

டாக்டருக்கு அந்தச் சந்தோஷம் இல்லை.

"வர்றாங்க, சரி. யாருக்காவது ஒரு பல் கெட்டிருக்கா? கண்ணாடியை விட்டுப் பார்க்கறேன், நல்லா இருக்கு போங்கன்னு அனுப்பறேன். இதுக்கா நான் படிச்சேன்? கையெல்லாம் துருப்பிடிச்ச மாதிரி இருக்கு." பேக்கரிக்காரரின் பல்லை மெதுவாகத் தட்டில் வைத்தார். "பெரிய ஆஸ்பத்திரியில கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. மாசக் கடைசியோட இதை மூடிடலாம்னு பார்க்கறேன்."

அவர் எதையும் குரலை உயர்த்திச் சொல்கிறவர் இல்லை. ஜன்னலைச் சாத்துங்கள் என்று சொல்கிற மாதிரிதான் இதையும் சொன்னார்.

"அப்ப நான், டாக்டர்?"

"உங்களுக்கென்ன? கெட்டிக்காரர். எங்க போனாலும் பிழைச்சுக்குவீங்க."

வேலை இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும்போது சொல்கிற வார்த்தை இது என்று கம்பவுண்டருக்குத் தெரியும். கேட்பதற்கு முன்னால் கருவியை நீட்டத் தெரிந்த ஒருவருக்கு, கேட்கிற டாக்டர் இல்லாமல் போனால் என்ன வேலை? அன்று சாயந்திரம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார், சோறு இறங்கவில்லை. மனைவியிடமும் மூச்சு விடவில்லை.

யோசித்துப் பார்த்ததில் ஒன்று மட்டும் புரிந்தது. ஊரில் சொத்தைப் பல் இல்லாமல் போகவில்லை. அது எதிர்க்கதவுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. பேக்கரிக்காரர் மாதிரி இன்னும் எத்தனை பேரோ! அவர்களை இந்தப் பக்கம் திருப்பிவிட்டால் டாக்டர் ஊரை விட்டு ஏன் போகிறார்?

மறுநாள் காலையிலேயே சிவப்புப் பெயின்ட்டோடு வந்து, மேல் வரி அம்பை இரண்டு மடங்கு தடிமனாக எழுதினார். குருடனுக்கும் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும் என்பது நோக்கம். கூடவே, பார்க்கிறவர் கண் நேரே அம்பில் விழட்டும் என்று, ஜாடியைத் தேய்த்துக் கழுவி, பழைய தண்ணீரைக் கொட்டி, விளிம்பு வரைக்கும் புதுத் தண்ணீர் நிரப்பி, சரியாக அம்புகளுக்கு முன்னால் நடுவில் வைத்தார். ஒரு எட்டுத் தள்ளி நின்று பார்த்தார். கிளினிக் பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஜாடி ஒரு பக்கமும், சிவப்பு அம்பு ஒரு பக்கமுமாகக் கண்ணைப் பறித்தது.

அன்று மத்தியானத்துக்குள் மூன்று பல்வலிக்காரர்கள் இடது பக்கம் போய்விட்டார்கள்.

தகவல் நிலையத்து அம்மா எப்போதும் கக்கத்தில் ஆல்பத்தோடுதான் நடப்பார். மூன்றாவது ஆளைக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து கம்பவுண்டரிடம் ஒப்படைத்தார் ஆல்பம் அம்மா.

"என்ன சார் இது? உங்க ஆளுங்க எல்லாம் என் சோபாவுல வந்து உட்கார்ந்து அழறாங்க. பொண்ணைப் பெத்தவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க? இங்க வந்தா இந்தக் கதிதான்னு ஓடிட மாட்டாங்களா?"

"நான் அம்பைப் பெருசா எழுதியிருக்கேனேம்மா!"

"பெருசா எழுதினதுலேர்ந்துதான் ஜாஸ்தியா வர்றாங்க. ஏற்கனவே எனக்கு வியாபாரம் படுத்துக் கிடக்கு. இதுல ஆஸ்பத்திரி வேற நடத்தணுமா?"

'வியாபாரம் படுத்துக் கிடக்கு, அதனால்தான் எங்கள் ஆட்களைப் பிடித்து உட்கார வைத்துக்கொள்கிறாய்' என்று கம்பவுண்டர் மனசுக்குள் கறுவிக்கொண்டார். வாய்விட்டுச் சொல்கிற சுபாவம் அவருக்கு இல்லை.

அடுத்த நாள் இன்னும் ஒரு படி மேலே போனார். உண்மையில் கீழே போனார். மாடிப்படி தொடங்கும் இடத்தில், சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதினார்: 'மேலே சென்றதும் அம்பைப் பார்த்துப் போகவும்.'

இதைவிட மோசமான ஒரு காரியத்தை அவர் செய்திருக்க முடியாது. அதுவரை வழி தெரிந்த பழைய ஆட்களாவது யோசிக்காமல் வலது பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். இப்போது அவர்களும் ஒழுங்காக அம்பைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, 'ஓகோ, இடம் மாற்றிவிட்டார்கள்போல' என்று இடது பக்கம் போனார்கள். டாக்டரிடம் பல்செட் கட்டிக்கொண்ட ரிட்டயர்டு தாசில்தார், மனைவி போய்த் தனியாக இருப்பவர், அவரும் அந்தப் பக்கம்தான் போனார். கம்பவுண்டர் ஓடிப்போய்க் கூப்பிட்டார்.

"ஐயா, நம்ம கிளினிக் அந்தப் பக்கம்."

தாசில்தார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஆல்பத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினார். "தெரியுது தெரியுது. பல்செட்டுக்கு என்ன அவசரம்? நீங்க போங்க, நான் இதை முடிச்சிட்டு வர்றேன்."

அன்று முழுக்க டாக்டரின் நாற்காலியில் ஒரே ஒரு ஆள்தான் உட்கார்ந்தார். அது சென்ட்காரர். அவர் பல்லில் டாக்டருக்குச் செய்ய ஒன்றுமில்லை. கையைக் கழுவிக்கொண்டு டாக்டர் ஜன்னலோரம் போய் நின்றார்.

"கம்பவுண்டர், அந்தக் கருவிப் பெட்டியை எல்லாம் மெதுவா கட்ட ஆரம்பிச்சிடுங்க."

வீட்டுக்கு வந்தபோது முன்னறையில் மேஜை போட்டு மனைவி ஏதோ செய்துகொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவள் டியூஷன் எடுக்கிறாள். நாளைக்கு நடத்தப் போகிற பாடத்தை முதல் நாளே ஒத்திகை பார்ப்பது அவள் வழக்கம். ஒத்திகையில் மாணவனாக உட்காருவது அவர் வழக்கம்.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க. உட்காருங்க. இன்னைக்கு லென்ஸ்."

"மனசு சரியில்லைம்மா. நாளைக்குப் பார்க்கலாமே."

"நாளைக்குப் பிள்ளைங்க வந்துடும். லென்ஸ் எப்படி வெளிச்சத்தை வளைக்குதுன்னு காட்டணும். எதைக் கேட்டாலும் உங்களை மாதிரியே முழிக்கற பையன் ஒருத்தன் இருக்கான். உங்களுக்குப் புரிஞ்சா அவனுக்கும் புரியும்."

அவர் உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பார்க்காத மட்டம் தட்டலா?

"லென்ஸ் எங்க?"

"எதுக்குக் காசைக் குடுத்து வாங்கணும்?" அவள் ஒரு கண்ணாடி டம்ளரை அவர் முன்னால் வைத்து, கழுத்து வரைக்கும் தண்ணீர் ஊற்றினாள். "உருண்டையா இருக்கற கண்ணாடியில தண்ணியை ஊத்திட்டா அதுவே லென்ஸ்தான். இப்ப இதைப் பாருங்க." ஒரு காகிதத்தில் பேனாவால் தடியாக ஓர் அம்பு போட்டிருந்தாள். "இது எந்தப் பக்கம் காட்டுது?"

"வலது பக்கம்." அம்பைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

"டம்ளருக்குப் பின்னாடி ஒட்டினாப்பல வெக்கறேன். இப்ப?"

"வலது பக்கம்தான். கொஞ்சம் குண்டாயிருக்கு."

"அப்படியே பார்த்துக்கிட்டே இருங்க. கண்ணை எடுக்காதீங்க." அவள் காகிதத்தை மெல்ல மெல்லப் பின்னால் இழுத்தாள். அம்பு இன்னும் குண்டாயிற்று, கலங்கலாயிற்று, ஒரு நிமிஷம் அம்பே இல்லாமல் வெறும் கறுப்பாயிற்று. ஒரு சாண் தூரம் போனபோது மறுபடியும் தெளிவாயிற்று.

"இப்ப எந்தப் பக்கம்?"

கம்பவுண்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"என்னங்க? எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்," என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"அவ்வளவுதான் விஷயம். தண்ணிக்குள்ள நுழையும்போது வெளிச்சம் ஒரு தடவை வளையுது. வெளிய வரும்போது இன்னொரு தடவை வளையுது. டம்ளர் உருண்டையா இருக்கறதால, இந்த ஓரத்து வெளிச்சம் அந்த ஓரத்துக்கும், அந்த ஓரத்து வெளிச்சம் இந்த ஓரத்துக்குமா குறுக்க தாண்டிப் போயிடுது. அதனால நமக்குத் திரும்பித் தெரியுது. காகிதத்துல இருக்கற அம்பு அப்படியேதான் இருக்கு."

அவர் நாற்காலியை நகர்த்தி, டம்ளரின் பக்கவாட்டில் போய் நின்று எட்டிப் பார்த்தார். அம்பு வலது பக்கம் காட்டியது. திரும்பி வந்து டம்ளர் வழியாகப் பார்த்தார். இடது பக்கம். மறுபடியும் பக்கவாட்டில் போனார்.

"என்ன, விளையாடறீங்களா?"

"தண்ணி குறைஞ்சா?"

"அம்புக்குக் கீழ தண்ணி இறங்கிட்டா திரும்பாது. வெறும் கண்ணாடிதானே."

"தண்ணி நிறைய இருந்தா?"

"திரும்பும்."

"பெரிய அம்பா, சிவப்புப் பெயின்ட்டுல எழுதினா?"

"இன்னும் நல்லாத் திரும்பும். ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஜாடி, அம்பு, பேக்கரிக்காரர், தாசில்தார், மாசக் கடைசியில் கிளினிக்கை மூடப் போவது, எல்லாம்.

அவள் டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"வேலை போகப் போகுதுன்னு இத்தனை நாளா தனியா வெச்சுக்கிட்டு அல்லாடினீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

"உனக்கு எதுக்கு அந்தக் கவலைன்னு..."

"அந்த ஜாடியை நீங்கதானே வெச்சீங்க? அதைச் சொல்லியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்." அவள் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். திட்டுகிற குரல்தான், ஆனால் கை அப்படி இல்லை. அவருக்கு அந்த நேரத்தில் அவள்மீது சொல்ல முடியாத பிரியம் வந்தது.

"ஒரு சந்தேகம்," என்றார், நல்ல மாணவனாக. "எல்லா அம்பும் இப்படித் திரும்புமா?"

"டம்ளருக்குப் பின்னாடி இருக்கற எல்லாமே திரும்பும். லென்ஸுக்கு ஆள் பார்த்து வளைக்கத் தெரியாதுங்க."

சந்தோஷத்தில் அவர் அதைக் காதில் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் டாக்டர் வந்ததும் வராததுமாக, அவரை மாடிப்படி பாதியிலேயே நிறுத்தினார். "டாக்டர், போர்டைப் பாருங்க."

"நான் தினம் பார்க்கற போர்டுதானே."

"தினமும் வர்றவங்க யாரும் போர்டைப் பார்க்கறதில்லை டாக்டர். நீங்களும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. இன்னைக்குப் பாருங்க."

டாக்டர் பார்த்தார். இரண்டு படி ஏறிப் பார்த்தார், நாலு படி இறங்கிப் பார்த்தார். போர்டுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு மறுபடியும் கீழே ஓடினார். அவ்வளவு பெரிய மனிதர் மாடிப்படியில் ஏறி இறங்கி விளையாடுவதைக் கம்பவுண்டர் அன்றைக்குத்தான் கண்டார்.

"அடடே! அப்ப என் சொத்தைப் பல்லெல்லாம்..."

"எதிர்ப்பக்கம் ஆல்பம் பார்த்துக்கிட்டு இருந்திருக்கு டாக்டர்."

ஜாடி அப்போதே இடம் மாறி, உள்ளே கம்பவுண்டரின் மேஜைக்கு வந்தது. பெயர்ந்த சுவர் பெயர்ந்தபடியே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

பத்து மணி தாண்டுவதற்குள் ஒரு கடைவாய்ப் பல் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு ஈறு வீக்கம். ஒரு லாரி டிரைவர் பாதி உடைந்த முன்பல்லோடு வந்தார். தாசில்தார்கூட வந்தார். "பல்செட்டைக் கொஞ்சம் இறுக்கிக் குடுங்க, இனிமே அடிக்கடி சிரிக்க வேண்டியிருக்கும்போல," என்றார். காத்திருக்கும் அறை முழுக்க முனகல். கம்பவுண்டருக்கு அது காதுக்கு இதமாக இருந்தது. டாக்டர் வாய்க்குள்ளேயே ஏதோ ராகம் முனகிக்கொண்டு, உட்காரக்கூட நேரமில்லாமல் வேலை செய்தார். அவர் கேட்பதற்கு முன்னால் கொக்கி போயிற்று, இடுக்கி போயிற்று, பஞ்சு போயிற்று.

மத்தியானம் டாக்டர் போனை வைத்துவிட்டு, அதே ஜன்னலைச் சாத்துகிற குரலில் சொன்னார்:

"அந்த ஆஸ்பத்திரிக்கு வரலைன்னு சொல்லிட்டேன். கட்டின பெட்டியை எல்லாம் பிரிச்சிடுங்க."

கம்பவுண்டர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பெட்டியைப் பிரித்தார். முகத்தைக் காட்டினால் அழுதுவிடுவார் என்று அவருக்குத் தெரியும்.

"ஆனா ஒண்ணு டாக்டர்," என்றார், குரல் சரியான பிறகு. "சொத்தைப் பல் வழி தவறிப் போனது ஜாடியால. ஒத்துக்கறேன், என் தப்புதான். அதுக்காக அந்த நல்ல பல்லுக்காரங்களைக் குறைச்சு எடை போடாதீங்க. அவங்க என் போஸ்டரைப் பார்த்து வந்தவங்க. வலி வர்றதுக்கு முன்னாடியே வர்ற ஜனங்க."

"அது சரிதான். அதை நான் மறுக்கலை," என்றார் டாக்டர் பெருந்தன்மையோடு.

சொல்லி வாய் மூடவில்லை, படியேறி சென்ட் வாசனை வந்தது. பின்னாலேயே சென்ட்காரர் வந்தார், அடுத்த வாரம்வரை காத்திருக்காமல் மறுநாளே. வழி பழகிவிட்ட ஆள், போர்டை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராக வலது பக்கம் திரும்பி உள்ளே வந்தார். இன்றைக்குப் புதுச் சட்டை. முகத்தில் மட்டும் வழக்கமான சிரிப்பு இல்லை, எதையோ கேட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வந்த மாதிரி இருந்தது.

"பார்த்தீங்களா டாக்டர்? நான் சொன்னேன்ல!" கம்பவுண்டர் பூரித்துப்போய், முனகிக்கொண்டிருந்தவர்களை எல்லாம் தாண்டி, அவரை மாப்பிள்ளை அழைப்பு மாதிரி உள்ளே அழைத்துக்கொண்டு போனார். "எல்லாரும் இவரை மாதிரி இருந்துட்டா வலின்னே ஒண்ணு இருக்காது. வாங்க சார், உட்காருங்க."

சென்ட்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார், சாயவில்லை.

"வாயைத் திறங்க," என்றார் டாக்டர், கண்ணாடியை நீட்டிக்கொண்டு.

சென்ட்காரர் அந்தக் கண்ணாடியை ஒரு கையால் மரியாதையாகத் தள்ளிவிட்டு, மறுகையால் சட்டைப் பையிலிருந்து தன் போட்டோ ஒன்றை எடுத்துக் கம்பவுண்டரிடம் நீட்டினார்.

"கோவிச்சுக்காதீங்க சார், நாலு தடவை பல்லைப் பார்த்தாச்சு, நாலு தடவையும் முதல் தரம்னு சொல்லியாச்சு. இனிமேலாவது பொண்ணைக் காட்டுவீங்களா, இல்ல இன்னும் ஏதாவது டெஸ்ட் பாக்கி இருக்கா?"